காற்றாலை மழையைத் தடுக்கிறதா? டெல்டாவின் சந்தேகங்களுக்கு ஒரு பதில்

கோட்டூர் வட்டாரத்தில் சாகுபடி செய்யும் தம்பி ஒருவர் எனக்கு நீண்ட கேள்வி ஒன்றை அனுப்பியிருந்தார். அதன் சாரம் இதுதான்: "புயலும் வெள்ளமும் வறட்சியும் எங்கள் தாத்தா காலத்திலும் இருந்தன. பூம்புகாரைக் கடல் கொண்டபோது யார் நிலக்கரி எரித்தார்கள்? காலநிலை மாற்றம் என்பது வெளிநாட்டுக்காரர்கள் நம் தலையில் கட்டும் கதை என்று ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள். தென்மாவட்டங்களில் காற்றாலை வந்த பிறகு மழைமேகம் கலைந்துபோகிறது என்றும், காற்றாலை மின்சாரம் வேண்டும் நேரத்தில் வராது என்றும் சொல்கிறார்கள். மீத்தேன் எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று அன்று சொன்னவர்களும் படித்தவர்கள்தாமே ஐயா. இவர்களை மட்டும் எப்படி நம்புவது?"

நான் மின்பொறியாளன். 26 ஆண்டு வேலையில் 11 ஆண்டுகள் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளோடு கழிந்தன. ஓய்வுக்குப் பிறகு திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சம்பாவும் அதன்பின் உளுந்தும்தான் எங்களுக்கு. ஆகவே இந்தக் கேள்வி இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குச் சொந்தமானது. காலநிலை அறிவியல் என் துறை இல்லை என்றாலும், அதன் அடிப்படைகளை ஒரு பொறியாளன் தானே சரிபார்த்துக்கொள்ள முடியும். அப்படிப் பார்த்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன. டெல்டாவில் 'நிபுணர்' என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் முகம் சுளிப்பது காரணமில்லாமல் வந்த பழக்கம் இல்லை. 2010-க்குப் பிறகு தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் நிலத்தடி நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டம் பேசப்பட்டபோது, ஆபத்தில்லை என்ற உறுதிமொழியோடுதான் அது ஊருக்குள் வந்தது. அதை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று பேசிக்கொண்டிருந்த நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2017-இல் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்துக் கதிராமங்கலமும் நெடுவாசலும் போராட்டக் களமாயின. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. மக்களிடம் அந்தச் சந்தேகம் இல்லாதிருந்தால் இந்தச் சட்டம் வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அன்று நம் மக்கள் சந்தேகப்பட்ட விதத்தை நினைத்துப் பாருங்கள், தம்பி. 'படித்தவன் சொல்கிறான், அதனால் பொய்' என்று அவர்கள் வாதாடவில்லை. நிலக்கரிப் படுகையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீத்தேன் வெளிவர வேண்டுமானால் முதலில் அந்தப் படுகையின் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அப்படியானால் எவ்வளவு நீரை இறைப்பீர்கள், எத்தனை ஆண்டுக்கு இறைப்பீர்கள், அந்த நீரை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள், எங்கள் போர்வெல் நீர்மட்டம் என்ன ஆகும் என்று கேட்டார்கள். குறிப்பாகக் கேட்டார்கள், நம்பும்படியான விடை கிடைக்கவில்லை, ஆகவே எதிர்த்தார்கள். காலநிலை அறிவியலையும் அதே முறையில் குறிப்பாகக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில், இது நம்மைக் குறிவைத்துக் கட்டிய கதையா என்ற கேள்வி. 1856-இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாயே மற்றவற்றைவிட மிகுதியாகச் சூடேறியது; ஆறுவதற்கும் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. 1859-இல் ஜான் டிண்டால் லண்டனில் தம் ஆய்வுக்கூடத்தில் அளந்து, நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிரை உறிஞ்சுகின்றன, காற்றில் பெரும்பகுதியாக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய உறிஞ்சுவதேயில்லை என்று காட்டினார். 1896-இல் ஸ்வீடனைச் சேர்ந்த அர்ரேனியஸ், காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டார். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட அப்போது இன்னும் 38 ஆண்டுகள் இருந்தன. இந்தியாவுக்கு எதிராகச் சதி செய்ய வேண்டிய தேவை இவர்களில் எவருக்கும் இருந்ததில்லை.

அடுத்து, கரியமில வாயு உண்மையிலேயே கூடியிருக்கிறதா? 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் தொடங்கிய அளவீடு இன்றும் தொடர்கிறது. அன்று பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்காக இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்க்டிகாவின் பனிக்கட்டிக்குள் சிக்கியிருக்கும் பழங்காலக் காற்றுக்குமிழிகளை அளந்ததில், தொழிற்புரட்சிக்கு முன் அது ஏறத்தாழ 280 ஆகவும், அதற்கு முந்தைய 8 லட்சம் ஆண்டுகளில் எப்போதும் ஏறத்தாழ 300-க்குள்ளாகவும் இருந்தது தெரிகிறது.

கூடியது எரிமலையிலிருந்து வந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டால், நல்ல கேள்வி என்றுதான் சொல்வேன். உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற வகை சிறிதளவு இருக்கும். மரம் இறந்தபின் அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அறவே இல்லை. காற்றில் கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துவருவதை ஹான்ஸ் சூஸ் 1950-களிலேயே மரங்களின் ஆண்டு வளையங்களில் கண்டறிந்தார். எரிமலை வாயுவிலும் கார்பன்-14 இல்லைதான். ஆனால் தாவரங்கள் கார்பன்-13 என்ற மற்றொரு வகையைக் குறைவாக எடுத்துக்கொள்பவை, ஆகவே தாவரத்தில் பிறந்த நிலக்கரியில் அதுவும் குறைவு. காற்றில் கார்பன்-13-இன் விகிதமும் இறங்கிவருகிறது. இரண்டும் சேர்ந்து இறங்குவதை எரிமலையால் விளக்க முடியாது. பழைய தாவரக் கரி எரிந்ததைக் கொண்டே விளக்க முடியும். சூரியனே கூடுதலாகக் காய்கிறதோ என்றால், 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியின் வலுவை நேரடியாக அளக்கின்றன, அது ஏறவில்லை. மேலும் சூரியன் காரணமானால் வளிமண்டலம் மேலும் கீழும் சூடாக வேண்டும். கீழடுக்கு சூடாக, 15 கிலோமீட்டருக்கு மேல் உள்ள அடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது.

அறிவியலாளர்கள் தவறு செய்ததே இல்லையா? செய்திருக்கிறார்கள். இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று 2007-இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு அறிக்கையில் ஒரு வரி இடம்பெற்றது. அது அடிப்படையற்றது என்று 2010-இல் அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ரிச்சர்டு முல்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் செய்த வேலை. வெப்பநிலைப் பதிவுகளில் நகரங்களின் சூடு கலந்து கணக்கு ஊதிப்போயிருக்கிறது என்று சந்தேகப்பட்டவர்களில் அவர் ஒருவர். நிலக்கரி, எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்த ஒரு குடும்பத்தின் அறக்கட்டளையும் அவருடைய ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. உலகெங்கும் உள்ள பல்லாயிரம் நிலையங்களின் பதிவுகளை அவர் குழு தொடக்கத்திலிருந்து மீண்டும் கணக்கிட்டது. 2012-இல் அவர் வெப்பம் ஏறியிருப்பது உண்மை, காரணம் மனிதர்களே என்று வெளிப்படையாக எழுதினார். தன் சந்தேகத்தை உட்கார்ந்து சோதித்துப் பார்த்த மனிதர் என்பதால் அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

முதலில் பூம்புகார்க் கேள்வி. கடைசிப் பனியுகம் முடிந்தபின் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது. அதை மனிதன் செய்யவில்லை. அந்த ஏற்றம் பின்னர் ஓய்ந்து, கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளில் கடல் பெரும்பாலும் நிலையாக நின்றது. 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகச் சராசரியாக 20 சென்டிமீட்டர் மறுபடியும் ஏறியிருக்கிறது, இப்போது ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏறுகிறது. பூம்புகாரைக் காட்டி இன்றைய ஏற்றத்தை மறுப்பவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: இடி விழுந்து வைக்கோல்போர் எரிந்ததுண்டு என்பதால், பீடி நெருப்பில் எந்தப் போரும் எரிவதில்லை என்று ஆகிவிடுமா? எது எப்படி எரிந்தது என்பதைச் சாம்பலைக் கிளறிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மேலே சொன்ன கரிக்கணக்கு அப்படிக் கிளறிப் பார்த்ததுதான்.

புயலைப் பொறுத்தவரை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது சரி. 1952 நவம்பர் 30-ஆம் நாள் புயலை என் தந்தையார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1977 நவம்பர் 12-ஐ நானே பார்த்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, பேராவூரணி, பட்டுக்கோட்டை வரை தென்னையை வேரோடு சாய்த்ததை யாரும் மறக்க முடியாது. கஜாவைக் காலநிலை மாற்றம்தான் பெற்றெடுத்தது என்று எவரேனும் மேடையில் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஒற்றைப் புயலை வைத்து அப்படிச் சொல்ல இயலாது. வங்கக்கடலில் புயல்களின் எண்ணிக்கை கூடியதாகவும் பதிவுகள் காட்டவில்லை. அறிவியல் சொல்வது வேறு. புயலுக்குத் தீனி கடலின் வெப்பம். 1951-க்கும் 2015-க்கும் இடையே இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில் கடல்மேற்பரப்பு ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். ஆகவே வரும் புயல்களில் வலுத்தவற்றின் பங்கு கூடும், பெய்யும் மழை ஒரே மூச்சில் கொட்டும் வாய்ப்பும் கூடும். இவ்வளவுதான் கூற்று; இதற்கு மேல் சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள்.

மழையின் காலம் தப்புவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா தொடர்மழையில் மூழ்கியது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும். அந்த மழை விட்டு நான்காம் நாள் காலை நான் வரப்பில் நின்று, சாய்ந்து கிடந்த கதிர் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தண்ணீரில் படிந்திருந்த பக்கத்து மணிகளில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அதே கதிரின் மேல்பக்கத்து மணிகள் பொன்னிறம் மாறாமல் இருந்தன. முளைவிட்ட மணியைக் கட்டைவிரலால் அழுத்தியபோது அரிசி இல்லை, பால் போல் மாவு பிதுங்கியது. 17 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் மறுப்பார்கள் என்ற கவலையில் இருந்த எங்களுக்கு, எடுத்துப்போக நெல்லே இல்லை. இருந்தாலும் அந்த மழையைச் சாட்சியாக்கி நான் வாதாடவில்லை. தை மாதத்து மழை நம் ஊருக்குப் புதிதில்லை. காலநிலை என்பது 30 ஆண்டுச் சராசரியில் பார்க்க வேண்டியது. ஓய்வு பெற்றது முதல் நான் நாள்தோறும் எழுதிவரும் மழைக் குறிப்பேடுகூட அதற்குப் போதாது.

மழையைவிடச் சத்தமில்லாமல் நம்மைத் தின்பது இரவு வெப்பம், அதைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசுவதில்லை. பகலில் பயிர் சேர்த்ததில் ஒரு பங்கை இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கும். இரவு சூடாக இருந்தால் செலவு கூடும், மணி பிடிப்பது குறையும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1979 முதல் 2003 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள்: கோடைப் பருவ நெல்லில் இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் விளைச்சல் 10 விழுக்காடு குறைந்திருந்தது. உரம் போட்டேன், மருந்து அடித்தேன், மூட்டை மட்டும் ஏன் குறைகிறது என்று கேட்பவர்கள், மண்ணைப் பார்ப்பதோடு இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. காலநிலை மாற்றத்தைச் சாக்காக்கும் பேச்சுதான் அது. சில ஆண்டுகளுக்கு முன் பயிர் மூழ்கியதைப் பற்றிப் பேச எங்கள் பகுதியில் ஒரு கூட்டம் நடந்தது. வந்திருந்த அதிகாரி ஒருவர், "உலகம் முழுக்கக் காலநிலை மாறிவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்?" என்றார். எங்கள் வடிகால் வாய்க்காலில் அன்று நெய்வேலிக் காட்டாமணக்கு ஆளுயரம் நின்றது. மதகின் வாயை வெங்காயத்தாமரை அடைத்திருந்தது. மூன்று நாளில் வடிய வேண்டிய தண்ணீர் பதினொரு நாள் நின்றது. கொட்டிய மழையில் ஒரு பங்கு வேண்டுமானால் உலகத்தின் கணக்கில் சேரலாம், வடியாமல் நின்ற நாள்கள் முழுக்க நம் கணக்கு. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் நிலத்தடியில் உப்புநீர் ஏறுவதும் அப்படித்தான்: கடல்மட்டம் உயர்வது ஒரு காரணம், அணைகள் வண்டலை நிறுத்திவிட்டதும், ஆற்றில் மணலை அள்ளியதும், நன்னீரை அளவில்லாமல் இறைத்ததும் மற்ற காரணங்கள். யாராவது ஒற்றைக் காரணம் சொன்னால், அது கடலானாலும் மணலானாலும், அவரை மேலும் கேளுங்கள். இந்தச் சாக்கினால்தான் பலருக்கு 'காலநிலை மாற்றம்' என்ற சொல்லே கசந்துபோயிற்று என்று நினைக்கிறேன்.

நாளைக்கு நம் நெல்வயலையே குற்றவாளி ஆக்கிவிடுவார்களோ என்ற அச்சமும் கேட்கிறது. தண்ணீர் நிற்கும் வயலில், கரியமில வாயுவைப் போலவே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மீத்தேன் உண்டாவது உண்மை. ஆனால் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் அளவுக்குக் கரியமில வாயுவை வெளிவிடும்போது நாம் 2 டன்தான். பழியில் பெரும்பங்கு எங்கே போக வேண்டும் என்பதில் ஐயம் வேண்டாம். வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறை மீத்தேனைக் கணிசமாகக் குறைக்கும். அதை நான் கைக்கொண்டது டீசலும் தண்ணீரும் மிச்சமாவதற்காக.

இப்போது காற்றாலை. மேகத்தைக் கலைக்கிறது என்ற நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆரல்வாய்மொழியில் ஆடி மாதம் ஒரு நாள், பழுது பார்ப்பதற்காகக் கோபுரத்தின் உள்ளேணியில் 50 மீட்டர் ஏறி, ஜெனரேட்டர் இருக்கும் கூண்டின் மேல்மூடியைத் திறந்து, இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு தலையை வெளியே நீட்டினேன். கூண்டின் முதுகில் மூன்று கிண்ணங்கள் கொண்ட காற்றுமானி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது; பேசினால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேற்கே மலைமுகட்டின் மீது வெள்ளை மேகம் நுரைபோலப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வழிந்த மேகம் கிழக்குச் சரிவில் இறங்க இறங்க, எங்கள் தலைக்கு வரும் முன்பே, விளிம்பு கிழிந்து, துணுக்காகி, இல்லாமல் போனது. கீழே சாலையில் நிற்பவருக்கு அது காத்தாடிக்கு நேர் மேலே மறைவதாகத்தான் தெரியும். ஆனால் மின்கட்டமைப்பில் கோளாறு ஏற்பட்டு, அந்தப் பள்ளத்தாக்கின் காற்றாலைகள் அத்தனையும் நின்ற நாள்களிலும் மேகம் அதே முகட்டில் பொங்கி அதே சரிவில் கரைந்தது.

காரணம் எளிது. தென்மேற்குக் காற்று கேரளப் பக்கம் மலையேறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகி, மிச்சமிருக்கும் மேகத்துளியும் ஆவியாகிவிடுகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் கணவாய்களில் இந்தக் காற்று குறுகி வேகமெடுப்பதால்தான் அங்கே காற்றாலை நட்டார்கள். மழை குறைவான, காற்று மிகுந்த இடத்தைத் தேடிப் போனது காற்றாலை; காற்றாலை வந்து மழையை விரட்டவில்லை. நம் டெல்டாவின் மழையோ ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே கடலிலிருந்து வருவது. ஆனி, ஆடிக் காற்றில் மேற்கே சுற்றும் இறக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அளவையும் பாருங்கள். ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நீர் நீராவியிலிருந்து துளியாகும்போது மேகத்துக்குள் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 70 லட்சம் யூனிட். நல்ல இடத்தில் நிற்கும் 2 மெகாவாட் காற்றாலை ஓர் ஆண்டு முழுவதும் சுற்றித் தருவது 50 லட்சம் யூனிட் போல. மழைக்குள் புழங்கும் ஆற்றலுக்கு முன் காற்றாலை எவ்வளவு சிறியது என்பது இதில் தெரியும். பக்கவிளைவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. இறக்கைக்குப் பின்னால் சில கிலோமீட்டருக்குக் காற்று வேகம் குறைந்து சுழலும். அமெரிக்காவின் டெக்சாஸில் பெரிய காற்றாலைத் தொகுதிகளின் அருகே இரவில் தரை சற்றே சூடாவதை 2012-இல் செயற்கைக்கோள் பதிவுகளிலிருந்து கண்டார்கள். மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றை இறக்கை கீழே கலப்பதால் வருவது அது. மிக அருகில் குடியிருப்பவர்களுக்கு இரைச்சலும், வெயிலில் ஓடும் நிழலும் உண்மையான தொல்லைகள்.

வேண்டும் நேரத்தில் வராது என்பது பாதி உண்மை. காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. நொடிக்கு 3 மீட்டருக்குக் கீழே இறக்கை மின்சாரம் தராது, 25 மீட்டரைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனை முறையில் தொடங்கிய காற்றாலை மின்சாரம் இன்று தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட் திறனைத் தாண்டியிருக்கிறது; காற்று வலுத்த ஆடி நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் வரும், காற்று ஓய்ந்த மாதங்களில் அதில் சிறு பங்குகூட வராது. ஆனால் அந்தக் காற்றுப் பருவம் எது என்று நாள்காட்டியில் பாருங்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை, அதாவது நம் குறுவைப் பருவம். மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஆண்டில் போர்வெல்லை நம்பிக் குறுவை வைத்தவர்கள் மும்முனை மின்சாரத்துக்காக இரவில் கண்விழித்துக் கிடந்த அதே மாதங்களில்தான் ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் இறக்கைகள் முழுவேகத்தில் சுற்றுகின்றன. எல்லாம் ஒரே மின்கட்டமைப்பு. உங்கள் மோட்டாருக்கு வரும் மின்சாரத்தில் அந்தக் காற்றும் கலந்திருக்கிறது.

காற்று இல்லாத நேரத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. உபரி மின்சாரம் இருக்கும்போது நீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் கடம்பாறையில் 1980-களிலிருந்தே இருக்கிறது. அப்படி இன்னும் பல வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் என்னை மிகவும் வருத்தியது காற்று இல்லாத நாள்கள் இல்லை. நல்ல காற்று வீசும்போதே, எடுத்துக்கொள்ளக் கம்பியில் இடமில்லை என்று நிறுத்தச் சொல்லித் தொலைபேசி வரும். மறுநாள் எங்கள் ஊரில் மின்வெட்டு என்று வீட்டிலிருந்து கேள்விப்படுவேன். 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில மின்கட்டமைப்பு வடக்கோடு இணைக்கப்பட்டபின் நிலைமை மெல்ல மாறியது. பேருந்திலிருந்து நின்றுபோன காற்றாலையைப் பார்த்து 'இது ஏமாற்று' என்பவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

ஏமாற்று அறவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1990-களில் காற்றாலை வாங்கிய விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. மின்சாரத்தைவிட வரிக்கழிவைப் பெரிதாக எண்ணி நட்டவர்களும் இருந்தார்கள். நல்ல காற்று வீசும் இடங்களைச் சிறு காற்றாலைகள் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பழையவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுவுவதற்கான மாநிலக் கொள்கை 2024-இல்தான் வந்தது. ஆனால் ஒரு காற்றாலையைச் செய்வதற்குச் செலவான ஆற்றலை அது திருப்பித் தருவதேயில்லை என்ற பேச்சு தவறு. ஏறத்தாழ ஓராண்டுக்குள் அது திரும்பிவிடும், அதன்பின் இருபது ஆண்டு ஓடும்.

நம் பகுதிக்கே காற்றாலை வருமா என்றும் நீங்கள் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். கோடியக்கரையில் வரக் கூடாது என்பேன். மழைக்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் வந்திறங்கும் அந்த உப்பளச் சேற்று நிலம் 2002 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. பறவைகள் தாழப் பறந்து இறங்கும் வழியில் இறக்கையை நிறுத்துவதற்கு எந்தக் கணக்கும் நியாயம் ஆகாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் அதுவே. உள்நாட்டுச் சமவெளியில் கணவாய் இல்லை, காற்று குறுகுவதில்லை. வேகம் சற்றுக் குறைந்தாலே மின்சாரம் பெரிதாகக் குறையும் என்பதை மேலே சொன்னேன். அப்படியும் யாராவது நிலம் கேட்டு வந்தால், முதலில் அவர்களிடம் காற்று அளவீட்டுக் கம்பத்தின் பதிவைக் கேளுங்கள். இறக்கை சுற்றப்போகும் உயரத்தில் அல்லது அதற்கு அருகில், குறைந்தது ஓர் ஆண்டு, எல்லாப் பருவத்துக்கும் எடுத்த பதிவாக இருக்க வேண்டும். அது இல்லாமல் வருபவரிடம் குத்தகைப் பேச்சையே எடுக்க வேண்டாம். இருந்தால் ஒரு படி எடுத்து எனக்கு அனுப்புங்கள், தம்பி. மாதவாரியாகப் பார்த்து என் கணக்கை எழுதி அனுப்புகிறேன்.